ரோலர்பாலா, ரன்னிங் மேனா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் வளர்ந்தவன் நான். வீடு, கடை, பந்துத் திடல் எல்லாமே கம்பெனியுடையது. அதனாலோ என்னவோ, உயிரைப் பறிக்கும் ஆட்டங்களைக் காட்டும் இந்த இரண்டு ஹாலிவுட் படங்களில், 1975இல் வந்த ரோலர்பால்தான் என்னை அதிகம் உலுக்கியது. அதில் நாடுகளே இல்லை, கம்பெனிகள்தான் ஆள்கின்றன. ஆட்டத்துக்கு முன் கம்பெனி கீதத்துக்கு எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். தனி ஆளின் முயற்சி வீண் என்று காட்டத்தான் ரோலர்பால் என்ற அந்த முரட்டு விளையாட்டே. ஆனால் ஜேம்ஸ் கான் நடித்த ஆட்டக்காரன் ஜோனதன் புகழ் பெற்றுவிட, ஓய்வு பெறச் சொல்கிறார்கள், அவன் மறுத்ததும் விதிகளை ஒவ்வொன்றாக உருவி எடுக்கிறார்கள், கடைசியில் நேர வரம்புகூட இல்லை.

1987இன் ரன்னிங் மேன்? சரி, கைதிகளைத் துரத்திக் கொல்லும் டிவி நிகழ்ச்சியில் அர்னால்டு ஓடுகிறார், வேகம் இருக்கிறது. வீடியோவைத் திரித்து அவரைக் கொலைகாரனாக்கும் இடம் இன்றைக்கும் வலிக்கிறது. ஆனால் அங்கே நிகழ்ச்சித் தொகுப்பாளரை முடித்தால் கதை முடிந்தது. ரோலர்பாலில் ஒருவர் போனால் அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்காருவார், எங்கள் தோட்டத்தில் துரைகள் மாறியதைப் போல.