கூலன்ட் எங்கே போனது: என் காரும் ஒரு வாரண்டி தகராறும்

நான்கு ஆண்டுகளாக ஓட்டும் பெட்ரோல் ஹேட்ச்பேக் இது. வேலை நிமித்தம் ஈரோட்டிலிருந்து மைசூருக்கு அடிக்கடி போகிறேன். மைலேஜ், இருக்கை, ஏசி எதிலும் குறையில்லை. தொல்லையெல்லாம் பண்ணாரியைத் தாண்டி, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில்தான்.

மூன்றாம் ஆண்டிலேயே ரிசர்வ் டேங்கில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறையத் தொடங்கியது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. சர்வீஸுக்கு விட்டபோதெல்லாம் சொன்னேன்; நிரப்பிக் கொடுத்து அனுப்பினார்கள். பிறகு ஒரு மதியம், முன்னால் சரக்கு லாரி ஊர்ந்துகொண்டிருக்க, சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. (வெப்பநிலை காட்டும் முள் இந்த மாடலில் இல்லை, விளக்கு மட்டும்தான். மிச்சம் பிடிக்க வேறு இடமா கிடைக்கவில்லை?) உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினேன். வண்டி கட்டியிழுத்துத்தான் சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சேர்ந்தது.

"விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியிருக்கிறீர்கள் சார், வாரண்டியில் வராது" என்றார் சர்வீஸ் அட்வைசர். நீட்டிப்பு வாரண்டிக்குத் தனியாகப் பணம் கட்டியவன் நான்.

இன்ஜின் சூடேறினால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போகும். கேஸ்கெட் போனாலும் இன்ஜின் சூடேறும். எது முந்தியது என்பதைப் பொறுத்தே பில் யார் தலையில் விழும் என்பது முடிவாகும். ஹெட்டைக் கழற்றுமுன் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். ரேடியேட்டர் வாயில் ஒரு சோதனைக் குழாயைப் பொருத்தி, அந்தக் குழாயில் நீலத் திரவம் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டார்கள். எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். மெல்லப் பச்சையாகி, மஞ்சளாகவே ஆனது. கேஸ்கெட் கசிகிறது என்பது உறுதி. கழற்றிப் பார்த்ததில் அலுமினிய ஹெட்டும் வளைந்திருந்தது.

ஆனால் எது முந்தியது என்று இந்தச் சோதனை சொல்லாது. அதைச் சொன்னவை ஒவ்வொரு சர்வீஸிலும் அவர்கள் எழுதிய பழைய ஜாப் கார்டுகள். விளக்கு எரிவதற்கு முன்பே, 'புகார்: கூலன்ட் குறைகிறது. செய்த வேலை: டாப் அப்' என்று அவர்கள் கையாலேயே எழுதியிருந்தார்கள். கசிவு எங்கே என்று பிரஷர் சோதனை செய்ததாக ஒன்றில்கூட இல்லை.

அந்த நகல்களுடன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகுதான் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. உதிரி பாகங்கள் இலவசம், கூலி என்னுடையது, அதுவும் 'நல்லெண்ண அடிப்படையில்'. எனக்குச் சேர வேண்டியதைத் தருவதில் நல்லெண்ணம் எங்கிருந்து வந்தது? அவர்கள் நீட்டிய தாளில் 'மேற்கொண்டு எதுவும் கோரமாட்டேன்' என்ற வரியை நீக்கச் சொல்லி, நீக்கிய பிறகே கையெழுத்துப் போட்டேன்.

வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது; திம்பம் ஏறி இறங்கினாலும் கூலன்ட் கோட்டிலேயே நிற்கிறது. கூலித் தொகைக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். காரின் விலை 5 லட்சத்துக்கு மேல், 10 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் 200 ரூபாய். எதிர்தரப்பு பதில் தாக்கல் செய்ய 30 நாள் அவகாசம். அதற்கு மேல் 15 நாளைத் தாண்டி ஆணையமே நினைத்தாலும் நீட்டிக்க முடியாது.