மிக்சிங் வால்வு: மாட்டினால் மட்டும் போதாது

வெந்நீரில் பச்சைத் தண்ணீரைத் தானே விளாவி, நாம் வைத்த சூட்டில் தருவதுதான் தெர்மோஸ்டாட்டிக் மிக்சிங் வால்வின் வேலை. வயதான அம்மாவும் சின்னக் குழந்தையும் இருக்கும் எங்கள் வீட்டு ஷவரில் பல வருடங்களாக இது இருக்கிறது. வாங்கலாமா என்று யார் கேட்டாலும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் மாட்டிவிட்டு மறந்துவிடக்கூடிய சாமான் இல்லை.

ஹீட்டர் தொட்டியில் சூட்டைக் குறைத்து வைத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் லீஜியோனெல்லா கிருமி வளரும். அதனால்தான் தொட்டியில் 60 டிகிரி செல்சியஸ் வைக்கச் சொல்கிறார்கள். அதே 60 டிகிரித் தண்ணீர் நேராக உடம்பில் பட்டால் சில நொடிகளில் தோல் வெந்துவிடும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இன்னும் சீக்கிரம். எங்கள் ஷவரில் 40 டிகிரிக்கு மேல் வைப்பதில்லை.

வால்வுக்குள் கார்ட்ரிட்ஜ் என்று கழற்றி மாற்றக்கூடிய ஒரு பாகம் உண்டு. அதில் ஒரு மெழுகு இருக்கிறது. சூடு ஏறினால் அது விரிந்து வெந்நீர் வழியைக் குறுக்கும். ஆறினால் ஸ்பிரிங் பழைய இடத்துக்குத் தள்ளும். அந்தச் சின்ன இடைவெளியில் உப்புப் படிந்தாலோ, மணல் சிக்கினாலோ நகர்வு மந்தமாகிவிடும். இது ஒரே நாளில் தெரிவதில்லை. எங்கள் ஷவரில் முதலில் தண்ணீரின் வேகம் குறைந்தது. அப்புறம் சூடு ஒரு நிலைக்கு வர நேரம் எடுத்தது. நம் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்வதால் கையை வைத்துப் பார்ப்பதை நம்ப முடியாது. கைப்பிடியில் 38 என்று எழுதியிருந்தாலும் வருவது 38தானா என்பதைத் தெர்மாமீட்டர்தான் சொல்லும். நான் அளந்ததைத் தேதியோடு எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைக்கிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. ஷவரின் கீழ் யாரும் இல்லாதபோது தண்ணீரைத் திறந்துவிட்டு, பச்சைத் தண்ணீர்க் குழாயை மட்டும் அடைக்க வேண்டும். நல்ல வால்வு என்றால் சில நொடிகளில் வெந்நீரும் நின்றுவிடும், அல்லது சொட்டுச் சொட்டாகிவிடும். வெந்நீர் தொடர்ந்து கொட்டினால் சரி செய்யும்வரை அந்த ஷவரில் யாரும் குளிக்கக் கூடாது. மறுபடி திறந்தபின் பழைய அளவே வருகிறதா என்றும் பாருங்கள். ஹீட்டர் நன்றாகச் சூடான பிறகே இதைச் செய்யுங்கள். உள்ளே வரும் வெந்நீர், கலந்து வரும் தண்ணீரைவிடக் குறைந்தது 10 டிகிரியாவது அதிகமாக இருந்தால்தான் பெரும்பாலான வால்வுகள் இப்படி மூடிக்கொள்ளும்.

சுத்தம் செய்வது பெரிய வேலை இல்லை. இரண்டு குழாயையும் அடைத்து, ஃபில்டர் வலையைக் கழற்றிக் கழுவினாலே பாதி வேகம் திரும்பிவிடும். கார்ட்ரிட்ஜில் படிந்த உப்பை வினிகரில் ஊறவைத்துக் கரைக்கலாம், கையேடு அனுமதித்தால் மட்டும். கத்தியால் சுரண்டவே கூடாது. ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்களுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான். வாசலின் தடவினால் ரப்பர் ஊதிப்போகும். பச்சைத் தண்ணீர்க் குழாய் காரணமில்லாமல் வெதுவெதுப்பாக இருந்தால், தண்ணீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வைச் சந்தேகப்படுங்கள். இடையிடையே கைப்பிடியை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பிவிட்டால் உள்ளே இறுகாமல் இருக்கும்.

ஊறவைத்தும் சரியாகாத கார்ட்ரிட்ஜை மாற்றிவிடுவதே நல்லது. மாற்றியபின் தெர்மாமீட்டரை வைத்து உச்சச் சூட்டை மறுபடி செட் செய்ய வேண்டும். பிளம்பர் அதைச் செய்யாமல் கிளம்பினால் நிறுத்திக் கேளுங்கள்.

புதிதாக மாட்டுபவர்கள் இரண்டு குழாய்க்கும் தனித்தனியாக அடைப்பு வால்வு வைக்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் பச்சைத் தண்ணீரை மட்டும் நிறுத்த வழியிருக்காது, மேலே சொன்ன சோதனையைச் செய்யவே முடியாது.