லயத்து வீடா, தாமான் வீடா: மீட்ட பூனைக்கு எது பொருந்துகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மீன் கடைகளுக்குப் பின்புறம் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பூனைகளைச் சென்ற ஆண்டு மீட்டு, ஏழாம் மாதத்தில் கருத்தடை செய்து, வெவ்வேறு வீடுகளுக்குக் கொடுத்தோம். செம்பட்டை நிறக் கடுவன், செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வசிக்கும் பாட்டி ஒருவரிடம் போனது. முந்நிறப் பெட்டை, பட்டணத்தை ஒட்டிய தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியில் ஓர் ஆசிரியை வீட்டுக்குப் போனது. இரண்டு பூனைகளை வைத்துப் பொதுவிதி வகுக்க இயலாது என்றாலும், பூனை கேட்டு வருவோருக்கு அன்றிலிருந்து நான் சொல்லும் பதில் மாறிவிட்டது.

முதல் வாரத்தில் லயத்து வீடே வென்றதுபோல் தெரிந்தது. கடுவன் மூன்றாம் நாளே வாசலில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் இருக்கையில் படுத்துத் தூங்கியது. பெட்டையோ சலவை இயந்திரத்தின் பின்னால் புகுந்துகொண்டு, வீடு உறங்கிய பிறகே சாப்பிட வந்தது. ஆறாம் நாள் ஆசிரியை தொலைபேசியில் அழைத்து, "இதற்கு என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, சார், திருப்பித் தந்துவிடட்டுமா?" என்று கேட்டார். ஒளிந்துகொள்வது வெறுப்பின் அடையாளமன்று. காப்பகப் பூனைகளைப் பற்றி நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த பூனைகள் கிடைக்காதவற்றைவிட விரைவில் பதற்றம் தணிந்தன. ஆசிரியை மீ (நூடுல்ஸ்) வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, பக்கவாட்டில் வாசல் வெட்டி, சலவை இயந்திரத்துக்கு அருகில் வைத்தார். பத்தாம் நாள் பெட்டை அதிலிருந்து தலையை நீட்டி, அவரைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தது.

அதற்குள் கடுவன் காணாமல் போயிருந்தது. லயத்து வீட்டில் அடுக்களைச் சுவருக்கும் தகரக் கூரைக்கும் இடையே இரண்டு சாண் இடைவெளி உண்டு; பூனைக்கு அது திறந்த கதவு. நான்கு நாள்களுக்குப் பிறகு லோரிக் கொட்டகையில் கண்டுபிடித்தபோது பாட்டி சொன்னார்: "அது வீட்டைப் பார்க்கலை தம்பி, சோத்தைத்தான் பார்த்துச்சு." விரைவில் பழகியதாக நாங்கள் எண்ணியது வெறும் பசிதான். பிறகு பழைய கோழிக்கூண்டைக் கழுவி, கம்பி வலையைச் சீர்செய்து, இரவெல்லாம் அதிலும் பகலில் பாட்டியின் கண்பார்வையிலுமாக இரண்டு வாரம் வைத்திருந்த பின்னரே அது அந்த வீட்டுப் பூனையாயிற்று. தாமான் வீட்டில் தானாகவே அமைந்துவிடும் அந்தச் சிறிய அடைப்பை, லயத்தில் நாமே செய்து கொடுக்கவேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் என்னை மிகவும் அஞ்சவைப்பது பாம்பன்று, எலி மருந்து. செம்பனைக் குலைகளை எலி கடித்து நாசமாக்குவதால் மரத்தடியில் மெழுகுக்கட்டி போன்ற மருந்தை வைக்கிறார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் அந்த மருந்தைத் தின்ற எலியைப் பூனை பிடித்துத் தின்றால், சில நாள் கழித்து அதற்கும் உள்ளே இரத்தம் கசியத் தொடங்கும். சோர்வும் வெளிறிய ஈறும் கண்டவுடன் மருத்துவரிடம் கொண்டுபோனால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற வழியுண்டு. எலியைக் கட்டுப்படுத்தக் கூகைகளுக்குக் கம்பத்தின் மேல் கூடு வைத்திருக்கும் தோட்டங்களும் உள்ளன. ஆனால் கூட்டைக் கண்டதுமே மருந்து கிடையாது என்று முடிவுகட்டாமல், மருந்து வைக்கும் நாள்களைக் தோட்டத்துக் கிராணியிடமோ (எழுத்தர்) மண்டோரிடமோ (மேற்பார்வையாளர்) கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வெளியே திரியும் பூனைகளிடையே ஸ்போரோட்ரிகோசிஸ் என்னும் பூஞ்சைப் புண்ணும் நம் நாட்டில் காணப்படுகிறது. பூனையின் கீறல் வழியாக மனிதருக்கும் அது தொற்றும். குணமாகப் பல வாரங்கள், சில வேளைகளில் பல மாதங்கள்கூட மாத்திரை கொடுக்கவேண்டும்.

சோற்றுடன் பொரித்த கெம்போங் மீன், கடையில் வாங்கும் உலர்தீனி என்ற வேறுபாட்டில் எனக்குப் பெரிய வழக்கில்லை. சோறும் மீனும் மட்டும் பூனைக்குப் போதா என்று பாட்டியிடம் சொன்னேன். இப்போது இரண்டையும் வைக்கிறார்.

தாமான் வீட்டின் குறை வேறு வகையானது. ஆசிரியை காலை ஆறரைக்குப் புறப்பட்டால் பிற்பகல் மூன்று மணிவரை அங்கே மனித அரவமே இல்லை. பெட்டைக்கு உடல் பெருத்தது, திரைச்சீலையும் கிழிந்தது. பாட்டியோ பால்மரம் வெட்டி (ரப்பர் பால் எடுத்து) ஓய்வுபெற்றவர். நாள் முழுதும் வீட்டில் இருப்பவர். கீரை ஆயும்போதும் கடுவனோடு பேசிக்கொண்டேயிருப்பார். பூனைக்கு இடத்தைவிட ஆள் பெரிது என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் வந்தது.

ஆகவே, ஒரு வயதுக்கு உட்பட்ட, உலகம் தெரியாத குட்டியை நான் தாமானுக்கே கொடுப்பேன். முடிந்தால் இரண்டாகச் சேர்த்துக் கொடுப்பேன். சந்தையில் வளர்ந்து முற்றிய பூனையை நான்கு சுவருக்குள் அடைத்தால் இரவெல்லாம் கத்தும் என்பதால், கூண்டு கட்டவும் மருந்து நாளைக் கேட்டறியவும் சம்மதிக்கும் லயத்து வீடு இருந்தால் அங்கேதான் அனுப்புவேன். இப்போது என் குளியலறையில், ஒரு காது கிழிந்த, ஐந்து வயது மதிக்கத்தக்க கறுப்புக் கடுவன் ஒன்று வாளியின் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. பாட்டியின் பக்கத்து வீட்டுக்காரர் கோழிக்கூண்டுக்குப் புதுக் கம்பி வலை வாங்கிவிட்டதாக நேற்றுச் சொல்லியனுப்பினார்.