மரக்கன்றை எண்ணுவதா, மடையைக் கேட்பதா?

எங்கள் வீட்டுக்குத் தெற்கே ஓர் ஏலா. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போக நெல்லும் விளைந்த வயல்வெளி அது. போன ஆண்டு அதன் மேல்பகுதியில் ஐம்பது சென்ட்டில் செம்மண் அடித்து, சாலை மட்டத்துக்கு உயர்த்தினார்கள். வரப்போரமாக இரண்டடி அகலத்தில் ஓடிய வாய்க்கால் ஆறு அங்குலக் குழாய்க்குள் போனது. ஐப்பசி மழையில் அந்தக் குழாயின் வாயைத் தென்னஞ்சருகும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டன. கீழ்மடைக்குப் போகவேண்டிய தண்ணீர் பக்கத்து வீட்டுப் பாட்டியின் அடுக்களைக்குள் ஏறியது. "மக்களே, இந்த வீட்டுக்கு வந்து ஐம்பது வருடம் ஆகிறது. அடுப்புக்குள் தண்ணீர் நின்று நான் பார்த்ததில்லை" என்றார், சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி. மனையின் முகப்பில் வரிசையாகப் பத்துப் புங்கைக் கன்றுகள் நட்டிருந்தார்கள். மாசி முடிவதற்குள் ஏழு காய்ந்துவிட்டன.

கட்டடம் எழுந்த பிறகு அந்த இடத்து இயற்கை முன்பு இருந்ததைவிட ஒரு படி மேலாக இருக்கவேண்டும் என்று சட்டமே கேட்கிற நாடுகள் உண்டு. அப்படிக் கேட்பதற்குப் பல வழிகள் இருக்கின்றன. குமரி மாவட்டத்துக்கு எது பொருந்தும் என்பதுதான் என் கேள்வி.

நமக்குப் பழக்கமானது மரக்கணக்கு. ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்று நடு என்பார்கள். வனநிலம் போனால் வேறொரு இடத்தில் காடு வளர்க்கப் பணம் கட்டவேண்டும். அந்தப் பணத்தைக் கையாள 2016-ல் தனிச் சட்டமே வந்தது. எண்ணுவதற்கு எளிது, புகைப்படத்துக்கும் நன்றாக இருக்கும். ஆனால் ஏலாவில் மரமே கிடையாது. நெல்லும் தவளையும் விராலும் உண்ணிக்கொக்கும் இருந்த ஐம்பது சென்ட், மரக்கணக்கில் வெறும் பூஜ்யம். பூஜ்யத்தை அழித்தவர் பத்துக் கன்று நட்டால் அவர் இயற்கைக்கு லாபம் சேர்த்தவர் ஆகிவிடுகிறார்! நான்கு வழிச்சாலை நம் வயல்களையும் குளங்களையும் ஊடறுத்துப் போனதைப் பார்த்த எவருக்கும் இந்தக் கணக்கின் ஓட்டை புரியும்.

தமிழ்நாட்டில் இன்னும் இரண்டு விதிகள் உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதத் திறந்தவெளியைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒப்படைக்கவேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. இரண்டும் நல்லவைதான். ஆனால் ஐம்பது சென்ட் என்பது ஏறக்குறைய 2,023 சதுர மீட்டர். முதல் விதி அதைத் தொடுவதில்லை. இரண்டாவது, கூரையில் விழும் மழையைக் கேட்கிறது. வரப்போரம் வரும் தண்ணீரைக் கேட்பதில்லை.

அடுத்தது இங்கிலாந்தின் வழி. 2021-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டத்தின்படி, 2024 பிப்ரவரி 12 முதல் பெரிய கட்டுமானங்களுக்கும் ஏப்ரல் 2 முதல் சிறியவற்றுக்கும், சில விலக்குகளோடு, ஒரு நிபந்தனை வந்தது. கட்டுவதற்கு முன்பே அந்த நிலத்தில் உள்ள உயிரினங்களின் வாழிடங்களை அளக்கவேண்டும். முடிவில் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகக் காட்டவேண்டும். முக்கியமான மேம்பாடுகளை 30 ஆண்டுகள் பேணவேண்டும். பரப்பு எவ்வளவு, வாழிடம் எந்த வகை, எந்த நிலையில் இருக்கிறது என்று பெருக்கி ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். அந்த மனையிலேயே ஈடுகட்ட முடியாவிட்டால் வேறு இடத்தில் செய்யலாம். ஆனால் தூரம் கூடக்கூட மதிப்பு குறையும்: பக்கத்து வட்டாரமென்றால் முக்கால், அதையும் தாண்டினால் பாதி. அரசிடம் பணம் கட்டித் தீர்ப்பது கடைசி வழி, அதன் விலையையும் வேண்டுமென்றே உயர்த்தி வைத்திருக்கிறார்கள்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது வேறொன்று. அவர்கள் நிலப்பரப்பு, செடிவேலி, நீரோடை மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு வைக்கிறார்கள். ஓடையில் வந்த நஷ்டத்தை வேலிச்செடி நட்டு மறைக்க முடியாது. எங்கள் ஏலாவில் அந்த ஒரு விதி இருந்திருந்தால் புங்கைக் கன்று குழாய்க்கு ஈடாகியிருக்காது.

குறையும் உண்டு. அளப்பதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும், 30 ஆண்டுகள் போய்ப் பார்ப்பதற்கு ஆள் வேண்டும். நம் ஊராட்சிகளில் அந்த ஆள்பலம் இல்லை. பத்து சென்ட்டில் வீடு கட்டும் மீனவக் குடும்பத்தின் தலையில் அத்தனை காகிதத்தையும் கட்டுவது அநியாயம்.

மூன்றாவது வழி, எல்லை ஊரான களியக்காவிளைக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. கேரளம் 2008-ல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. எது வயல், எது ஈரநிலம் என்று ஊர் ஊராகப் பட்டியல் போட்டார்கள். பட்டியலில் உள்ள வயலில், வேறு இடமில்லாத உரிமையாளர் கிராமப்புறத்தில் பத்து சென்ட் வரை வீட்டுக்கு அனுமதி கேட்கலாம். மற்றபடி, பொதுத் தேவைக்கு அரசு விலக்கு தந்தாலொழிய, நிரப்பத் தடை. பட்டியலில் வராத நிலத்தை மாற்றுவதற்கு 2018-ல் ஒரு திருத்தம் வந்தது: ஐம்பது சென்ட்டுக்கு மேலே போனால் அதில் 10 சதவீதத்தை நீர்ப்பாதுகாப்புக்கு ஒதுக்கவேண்டும். அந்தத் திருத்தம் நிலமாற்றத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கேட்பது தண்ணீருக்கான இடத்தை. 1956 நவம்பர் 1 வரை ஒரே மாநிலமாக இருந்தோம். இரண்டு பருவமழையும் நமக்கும் உண்டு. அவர்களுடைய சட்டம் நம் மண்ணுக்கு அந்நியம் அல்ல.

என் தேர்வு கேரளத்தின் பட்டியலும் இங்கிலாந்தின் ஓடைக் கணக்கும் சேர்ந்தது. காரணம், இந்த மாவட்டத்தின் குளங்கள் தனித்தனியானவை அல்ல. ஒன்று நிறைந்து வழியும் மறுகால் தண்ணீர்தான் அடுத்ததன் வரவு. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் சானல் சானலாகப் பிரிந்து குளத்தில் நின்று, மடை வழியாக வயலுக்கு இறங்குகிறது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த சுசீந்திரம்-தேரூர், வேம்பனூர் ஈரநிலங்களும் இப்படி வரும் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. வேம்பனூருக்கு வரும் வாய்க்காலை அடைத்துவிட்டு மலையடிவாரத்தில் தேக்கு நட்டால் அங்கிருக்கும் நாமக்கோழிக்கு என்ன கிடைக்கும்? ஈடு என்பது அதே ஆயக்கட்டில், அதாவது அதே தண்ணீர் பாயும் நிலப்பரப்பில், தண்ணீராகவே இருக்கவேண்டும்.

இன்னொன்று, மேலே சொன்ன எந்த வழியும் கேட்காதது. நிரப்பிய செம்மண் எங்கிருந்து வந்தது? எங்கள் ஏலாவுக்கு லாரி லாரியாக வந்தது ஒரு பொற்றையை, சிறு குன்றை, வெட்டி எடுத்த மண். ஒரு மனைக்காக இரண்டு நிலம் போகிறது. இங்கிலாந்தின் மதிப்பெண்ணும் மனையின் எல்லைக்கோட்டோடு நின்றுவிடுகிறது. குமரியில் எழுதப்படும் விதி மண் வந்த இடத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பங்குனியில் பாட்டியின் மகனும் நானும் புல வரைபடத்தின் நகலை வாங்கி, மனைக்காரரிடம் கொண்டுபோனோம். அதில் வாய்க்கால் தெளிவாக இருந்தது. அவர் வெளியூர்க்காரர், அப்படி ஒன்று ஓடியதே தனக்குத் தெரியாது என்றார், நம்பும்படியாகவே சொன்னார். குழாயைப் பிடுங்கிவிட்டு இரண்டடிக்குத் திறந்த வாய்க்காலாகக் கருங்கல் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தெற்குப் பக்கம் வேலை தொடங்கிவிட்டது. வடக்கு மூலையில் மதில் வாய்க்காலுக்குள் ஒன்றேகால் அடி ஏறி நிற்கிறது. அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.