தனி ரிபோஃப்ளேவினா (வைட்டமின் பி2), பி-காம்ப்ளெக்ஸா?

மதுரை மெடிக்கல் கடையில் "வாய்ப்புண் மாத்திரை" என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் பல பி வைட்டமின்கள் சேர்ந்த பி-காம்ப்ளெக்ஸ்தான். கடைவாய் வெடிப்பு, நாக்கு எரிச்சலுக்கு அதுவே பொருத்தம். பி2 குறைந்தவருக்கு மற்ற பி சத்துகளும் சேர்ந்தே குறைந்திருப்பது வழக்கம். ஆனால் அட்டையின் பின்னால் பி6 அளவைப் பாருங்கள். அதிக அளவில் மாதக்கணக்காக விழுங்கினால் கைகால் மரத்துப்போகும். இரண்டு வாரத்தில் புண் ஆறாவிட்டால் இரும்புச்சத்துக் குறைவோ பூஞ்சையோ இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

தனி ரிபோஃப்ளேவினின் முக்கிய வேலை ஒற்றைத் தலைவலித் தடுப்பு: தினம் 400 மில்லிகிராம், மூன்று மாதமாவது, டாக்டர் சொன்னால் மட்டும். வந்துவிட்ட வலியை அது நிறுத்தாது.

இரண்டையுமே சாப்பிட்டபின் போடுங்கள். வெறும் வயிற்றில் உடம்பில் சேர்வது குறைவு. சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகும், பயம் வேண்டாம். வெயில் விழும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், வெளிச்சத்தில் பி2 சிதையும்.