புகையிலிருந்து சிவப்பு விளக்குக்கு: ஃபார்முலா ஒன்னோடு 25 வருடம்

2000 சீசனில் பார்க்க ஆரம்பித்தேன். நடுவில் இரண்டு முறை வெறுத்துப்போய் விட்டுவிட்டேன், இரண்டு முறையும் திரும்பி வந்தேன். புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "அந்த வி10 காலம் நிஜமாகவே அவ்வளவு நன்றாக இருந்ததா, இல்லை சும்மா புலம்புகிறீர்களா?" இரண்டும்தான். நீண்ட நாள் பயன்படுத்தியவன் என்ற முறையில் என் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் வி10. மூன்று லிட்டர், பத்து சிலிண்டர், டர்போ கிடையாது, பேட்டரி கிடையாது. கடைசி வருடங்களில் நிமிடத்துக்கு 19,000 சுற்றுகளைத் தொட்டது, 900 குதிரைத்திறனைத் தாண்டியது. ஓட்டுநரையும் சேர்த்து மொத்த காரே 600 கிலோ சொச்சம்தான். எங்கள் வீட்டு டிவியின் ஒல்லி ஸ்பீக்கரில்கூட அந்தச் சத்தம் அடங்காது. பக்கத்து அறையில் இருந்தபடியே, வளைவுக்கு முன்னால் கியர் ஒவ்வொன்றாக இறங்குவதை எண்ணலாம். இன்ஜின் போனால் காரின் பின்னால் வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பும். என்ன ஆயிற்று என்று வர்ணனையாளர் சொல்லவே வேண்டாம். நான் பார்க்க ஆரம்பித்த வருடங்களில், யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்யும் தகுதிச் சுற்றுக்கு ஒரு இன்ஜின், ரேஸுக்கு வேறொரு இன்ஜின் என்று மாட்டுவார்கள். 300 கிலோமீட்டர் தாங்கினால் போதும் என்று செய்த பொருள் அது. அதனால் முன்னால் போகிறவன் கடைசி வரை போய்ச் சேருவானா என்ற பயம் எப்போதும் இருக்கும்.

ஆனால் ரேஸ்? உண்மையைச் சொன்னால், பல ஞாயிற்றுக்கிழமைகளில் நடுவில் தூங்கியிருக்கிறேன். 2002-ல் 17 ரேஸில் 15 ஃபெராரிக்குப் போனது. 2004-ல் 18-ல் 13-ஐ ஃபெராரியின் ஷூமாக்கர் ஒருவரே ஜெயித்தார். நடுவில் பெட்ரோல் போடும் விதி இருந்ததால் ஓவர்டேக் எல்லாம், பெட்ரோலுக்கும் டயருக்கும் கார்கள் வந்து நிற்கும் பிட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். அதே 2004-ல் பிரான்ஸில் ஷூமாக்கர் நான்கு முறை பிட்டுக்கு வந்தும் ஜெயித்தார். மறுநாள் தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கையில் அபாரமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றும் புரியவில்லை.

விதிகள் ரசிகனை என்ன செய்யும் என்று எனக்குப் புரிந்தது 2005-ல். அந்த வருடம் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: தகுதிச் சுற்றுக்கும் ரேஸுக்கும் ஒரே செட் டயர்தான், நடுவில் மாற்றக் கூடாது. ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங்கில் கிமி ராய்க்கோனன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பிரேக் பூட்டியதில் முன் டயரில் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிட்டது. காரில் பொருத்திய கேமராவில் அந்தச் சக்கரம் தடதடவென்று ஆடுவது தெரிந்தது. சுற்றுக்குச் சுற்று ஆட்டம் கூடியது. பிட்டுக்கு வந்தால் முதலிடம் போய்விடும். வராவிட்டால்? அடுத்தடுத்த சுற்றுகளில் பார்க்கிற எல்லாரும் அந்த ஒரு சக்கரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசிச் சுற்றின் முதல் வளைவில் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஒடிந்தது, அலோன்ஸோ ஜெயித்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ். அதே விதி. மிஷெலின் டயர்கள் அங்கிருந்த சாய்வான வளைவைத் தாங்காது என்று தெரிந்தது. மாற்று டயருக்கு விதியில் இடமில்லை. பேசிப் பேசி ஒன்றும் தீரவில்லை. ரேஸுக்கு முந்தைய வலம் முடிந்ததும் மிஷெலின் போட்ட 14 கார்கள் நேராகப் பிட்டுக்குள் போய்விட்டன, மிச்சம் 6 கார்கள் ரேஸ் ஓட்டின. நான் டிவியை அணைத்துவிட்டேன். முதல் முறை விட்டுப்போனது அப்போதுதான். ஒரே விதி ஒரே மாதத்தில் என்னை எழுந்து நிற்கவும் வைத்தது, வெளியே போகவும் வைத்தது. முதலாவதில் நடந்தது எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. இரண்டாவதில் எல்லாம் மூடிய அறைக்குள் நடந்து, முடிவு மட்டும் எனக்கு வந்தது.

2006-ல் 2.4 லிட்டர் வி8 வந்தது. அடுத்த வருடமே இன்ஜின் வளர்ச்சியை நிறுத்தி வைத்து 19,000 என்று வரம்பு போட்டார்கள், 2009-ல் அது 18,000 ஆனது. அந்த வருடம் கெர்ஸ் என்ற பெயரில் பேட்டரி முதல்முறையாக எட்டிப் பார்த்தது: 80 குதிரைத்திறன், ஒரு சுற்றுக்கு ஆறேமுக்கால் விநாடிக்குள். 2010-ல் நடுவில் பெட்ரோல் போடுவதை நிறுத்தினார்கள். நல்ல காரியம். 2011-ல் டிஆர்எஸ். முன்னால் இருப்பவருக்கு ஒரு விநாடிக்குள் வந்துவிட்டால், குறிப்பிட்ட இடத்தில் பின் இறக்கையைத் திறந்து வேகம் எடுக்கலாம். முதல் வருடம் கை தட்டினேன். இரண்டாவது வருடம், நிற்கிற லாரியைத் தாண்டுவது போல இருந்தது.

வி8-ஐ நேரில் கேட்டது 2012-ல், மலேசியாவின் செபாங்கில். காதில் பஞ்சு வைத்திருந்தும் சத்தம் காது வழியாக வரவில்லை, நெஞ்செலும்பு வழியாக வந்தது. நடுவில் மழை கொட்டி ரேஸை நிறுத்தினார்கள். அந்த அமைதியில்தான் அதுவரை எவ்வளவு கத்திப் பேசிக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தது. அன்று ஊர் திரும்பும்போது, சத்தம் இல்லாமல் இந்த விளையாட்டே இல்லை என்று சத்தியமாக நம்பினேன்.

அப்புறம் 2014. மெல்பர்னில் முதல் ரேஸ். டிவியில் ஏதோ கோளாறு என்று ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினேன். கோளாறு டிவியில் இல்லை. 1.6 லிட்டர் வி6 டர்போ, கூடவே இரண்டு மின் மோட்டார்கள். 15,000 சுற்று வரை விதி அனுமதித்தாலும், மணிக்கு 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் பாயக் கூடாது என்று இன்னொரு விதி. அதனால் அந்த உயரத்துக்குப் போவதில் யாருக்கும் லாபம் இல்லை. புகைப்போக்கியில் வெளியேறும் ஆற்றலில் ஒரு பகுதியை, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ தின்றுவிடும். மிச்சத்தில் ஒரு பங்கை டர்போ தண்டிலேயே உட்கார்ந்திருக்கும் எம்ஜியு-எச் என்ற மோட்டார் மின்சாரமாக்கிவிடும். நாம் ரசித்த அலறல் எல்லாம் வீணாய்ப் போன ஆற்றல் என்று கண்டுபிடித்து, அதையும் அறுவடை செய்துவிட்டார்கள். புகார் எவ்வளவு வலுத்தது என்றால், மே மாதம் பார்சிலோனா சோதனையில் மெர்சிடிஸ் காரின் புகைப்போக்கியில் ஊதுகுழல் மாதிரி ஒன்றை மாட்டிப் பார்த்தார்கள். பெரிய பலன் இல்லை. கல்யாண வீட்டு நாதஸ்வரத்தைக் கழற்றி மாட்டியது போல இருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

ஆனால் என்னை விரட்டியது சத்தம் இல்லை. அதே மெல்பர்னில் டேனியல் ரிக்கார்டோ சொந்த மண்ணில் இரண்டாவதாக வந்து மேடை ஏறினார். சில மணி நேரம் கழித்து, எரிபொருள் பாய்வு அளவை மீறியதாகத் தகுதி நீக்கம். சென்சார் ஒன்று சொல்கிறது, அணி வேறு சொல்கிறது, நமக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த சீசனில் 19 ரேஸில் 16-ஐ மெர்சிடிஸ் எடுத்துக்கொண்டது. பாதியிலேயே நிறுத்திவிட்டேன். 2015-ல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் மெக்லாரனின் இரண்டு கார்களுக்கும் இன்ஜின் பாகங்கள் மாற்றியதற்காக மொத்தம் 105 இடங்கள் பின்னுக்குத் தள்ளும் அபராதம் என்று படித்தபோது விட்டது நல்லது என்றே தோன்றியது. கார்கள் கிளம்பும் வரிசையில் இருப்பதோ 20 இடம்! அந்த விதியைப் பின்னால் திருத்தினார்கள்.

2016-ல் நண்பன் ஒருவனிடம் ஒரு டிக்கெட் மிச்சம் இருந்தது. மறுபடி செபாங். பஞ்சு தேவைப்படவில்லை. டயர் கிறீச்சிடுவது கேட்டது, டர்போ விசில் கேட்டது, பின் வரிசையில் ஒருவர் தொலைபேசியில் யாரிடமோ சண்டை போடுவதும் கேட்டது. முன்னால் போனது மெர்சிடிஸின் ஹாமில்டன். நண்பன் என் தோளைத் தட்டி, "காரைப் பார்க்காதே, பின்னால் இருக்கிற சிவப்பு விளக்கைப் பார்" என்றான். நீண்ட நேர்ப்பாதை முடியும் இடத்தில் சில கார்களின் விளக்கு படபடவென்று மின்னியது. பேட்டரி தீர்ந்துவிட்டது, அல்லது அடுத்த சுற்றுக்காகச் சேமிக்கிறான் என்று அர்த்தம். துரத்துகிறவன் விளக்கு அணைந்தே இருந்து, முன்னால் போகிறவன் விளக்கு மின்ன ஆரம்பித்தால் ஏதோ நடக்கப்போகிறது. 2014-ல் பாதி சீசன் என் கண் முன்னாலேயே இருந்த விளக்கு அது!

41-வது சுற்றில் ஹாமில்டனின் இன்ஜின் நெருப்போடு வெடித்தது. பழைய மாதிரியே புகை. கூட்டம் மொத்தமாக எழுந்தது. இன்ஜின் எண்ணிக்கைக்கு வரம்பு போட்டு, பல ரேஸ் தாங்கும்படி செய்ததால் இப்படி வெடிப்பதே அரிதாகிவிட்டது. அரிதானதால் ஒன்றின் விலை பல மடங்கானது. அந்த வருடம் ஹாமில்டன் பட்டத்தை 5 புள்ளிகளில் தன் அணித் தோழர் ராஸ்பெர்க்கிடம் இழந்தார்.

அன்றிலிருந்து ஒரு ரேஸ்கூட விடவில்லை. வேகத்தைப் பற்றி இருந்த மனக்குறையும் 2018-ல் இத்தாலியின் மான்சாவில் தீர்ந்தது. 2004-ல் வி10 காரில் மொண்டோயா வைத்த 1:19.525 சாதனையை ராய்க்கோனன் 1:19.119-ல் முறியடித்தார், அதுவும் நூறு கிலோவுக்கு மேல் கனமான காரில். முந்தைய வருடமே மெர்சிடிஸ் தன் இன்ஜின் சோதனை மேடையில் 50% வெப்பத் திறனைத் தாண்டியதாக அறிவித்திருந்தது. எரிபொருளில் பாதிக்கு மேல் வேலையாக மாறுகிறது. பெட்ரோல் இன்ஜினில் இது அசுர சாதனை. ஆனால் திரையில் அதைக் காட்ட எந்தப் படமும் இல்லை, அதுதான் அதன் துரதிர்ஷ்டம்.

நான் சபித்த அந்த அபராத விதியே 2021-ல் பிரேசிலில் விருந்து வைத்தது. ஹாமில்டனுக்குப் புது இன்ஜினுக்காக 5 இடம் அபராதம், அது போதாதென்று பின் இறக்கையின் இடைவெளி கூடிவிட்டதாகத் தகுதிச் சுற்றில் நீக்கம். சனிக்கிழமை நடக்கும் குட்டி ரேஸான ஸ்பிரிண்டில் 20-வது இடத்திலிருந்து 5-வதாக வந்து, ஞாயிற்றுக்கிழமை 10-வதில் கிளம்பி ஜெயித்தார். புது இன்ஜினுக்குக் கொடுத்த விலையும் அதன் பலனும் ஒரே வார இறுதியில் கண்ணுக்குத் தெரிந்தன.

2026 விதிகளைப் படித்தபோது எனக்கு இருந்த பயமும் இதைச் சுற்றித்தான். எம்ஜியு-எச் போகிறது, அதன் செலவும் சிக்கலும் புதிதாக வருகிறவர்களை மிரட்டின. மின் மோட்டார் 120 கிலோவாட்டிலிருந்து 350-க்கு ஏறுகிறது, இன்ஜின் 400 கிலோவாட் அளவுக்கு இறங்குகிறது. அதாவது திறனில் ஏறக்குறைய பாதி பேட்டரியிலிருந்து. எரிபொருள் முழுக்க, பூமியிலிருந்து தோண்டி எடுக்காத வகை. டிஆர்எஸ்ஸுக்குப் பதிலாகக் காரின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் அசையும் இறக்கைகள். ஜெர்மன் கார் நிறுவனம் ஆடி (Audi) வந்ததும், ரெட் புல் அணியோடு ஃபோர்ட் சேர்ந்ததும், விலகுவதாகச் சொன்ன ஹோண்டா மனம் மாறியதும் இதை நம்பித்தான். நிறுவனங்களுக்கு இது கவர்ச்சி, சரி. எனக்கு? பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒளிபரப்பில் தெளிவாகக் காட்டினால் சதுரங்கம், காட்டாவிட்டால் சூதாட்டம். நான் காசு கட்டிப் பார்க்கும் செயலியோ கடைசிச் சுற்றில் உறைந்து நிற்பதை வழக்கமாக வைத்திருக்கிறது. அது வேறு கதை.

2025-ல் வி10 திரும்ப வரலாம் என்ற பேச்சை, விதிகளை வகுக்கும் அமைப்பான எஃப்ஐஏவின் தலைவரே எடுத்தார். பழைய ஆட்கள் குதித்தார்கள், நான் பாதி குதித்தேன். 2020 முடிவில் அபுதாபியில் அலோன்ஸோ தன் பழைய வி10 காரான ஆர்25-ஐ ஓட்டிக் காட்டிய வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறியும். ஆனால் பாதைக்கு வந்தது ஒரே ஒரு கார். மூன்று சுற்று கேட்ட பிறகு, இவன் யாரைத் துரத்துகிறான் என்று மனம் தேட ஆரம்பித்துவிடும்.

அந்த வீடியோவைப் போன மாதம் அக்கா மகனுக்குப் போட்டுக் காட்டினேன். இன்ஜினோடு பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட் காலத்தில் பார்க்க ஆரம்பித்தவன். ஒலியை முழுசாக வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரைக்குப் பக்கத்தில் போய், காரின் பின்பக்கத்தை உற்றுப் பார்த்தான்.

"லைட்டே மின்னலையே மாமா, இவன் எப்ப சார்ஜ் ஏத்துவான்?"