கார்த்திகையிலும் திறக்கிற டிராயர்: டிரஸ்ஸர் செய்ய எது தோது?

என் முதல் டிரஸ்ஸரை அக்னி நட்சத்திர வெயிலில் செய்து முடித்தேன். டிராயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் காகிதம் நுழையாது, அவ்வளவு கச்சிதம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவே வந்து இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போனது. கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை மச்சினி கல்யாணம். பட்டுப்புடவை இருந்த டிராயர் மட்டும் அசையவே இல்லை. வியாசர்பாடியிலிருந்து தச்சு மேஸ்திரி வந்து, கொட்டாப்புளியால் நாலு தட்டு தட்டிவிட்டு, "இன்னா சார், பொட்டிக்கு வவுறு உப்பிகினு கீது" என்றார். புடவை வெளியே வந்தது. மனைவி மூன்று நாள் பேசவில்லை.

இப்போது கொளத்தூரில் இருக்கும் அக்கா மகளுக்கு இரண்டாவது டிரஸ்ஸர். 3 அடி அகலம், 18 அங்குல ஆழம், ஐந்து டிராயர், மேலே கண்ணாடி. இந்த முறை ஒவ்வொரு பொருளையும் அதன் எதிரியோடு மோதவிட்டுத்தான் வாங்கினேன்.

முதலில் மரம். வடசென்னையில் நமக்கு இருக்கும் பெரிய வசதி, இடிக்கிற வீடுகள். ஜார்ஜ் டவுன், வண்ணாரப்பேட்டை பக்கம் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கும். நெருக்கமாகப் போட்ட தேக்குக் கட்டைகள், அதன் மேல் சுண்ணாம்புச் சாந்தில் செங்கல்லை நெட்டுக்குத்தலாகச் சாய்த்து அடுக்கியது. வீடு இடிந்ததும் கட்டைகள் பழைய மரக்கடைக்கு வந்துவிடும். பல தலைமுறை மழையும் வெயிலும் பார்த்த, வைரம் பாய்ந்த கட்டை. இனிமேல் அது முறுக்கிக்கொள்வது அபூர்வம். இழைக்கும்போது வரும் எண்ணெய் வாசனையே தனி.

ஆனால் அதற்குள் ஆணி இருக்கிறது. ஒரு ஜன்னல் சட்டத்திலிருந்து பதினேழு ஆணி பிடுங்கினேன். பதினெட்டாவதை என் இழைப்புளி கண்டுபிடித்தது. அலகில் அரிசி அளவுக்குப் பல் போய்விட்டது. மேஸ்திரி ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் பலகை மேல் சாமியாடி மாதிரி நடத்திக் காட்டினார். தலை உடைந்து உள்ளே புதைந்த ஆணிகூட அதில் மாட்டியது. அன்றிலிருந்து காந்தம் ஓடாத பலகையில் நான் உளி வைப்பதில்லை.

புதுத் தேக்கில் ஆணித் தொல்லை இல்லை, பெயர்த் தொல்லைதான். கடைக்காரர் எதைக் காட்டினாலும் "பர்மா" என்பார். மியான்மர் 2014 ஏப்ரலிலேயே முழுத்தடி ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. சென்னைக்கு வரும் வெளிநாட்டுத் தேக்கில் கானா, ஈக்வடார் போன்ற நாடுகளின் தோட்ட மரமும் நிறைய. அது மோசம் என்று சொல்லவில்லை. இள மரம் என்பதால் வெள்ளை, அதாவது வைரம் பாயாத வெளிப்பகுதி, அதிகம் இருக்கும், வண்டு முதலில் அங்கேதான் வாய் வைக்கும். பர்மா என்ற பெயரை நம்பித்தான் ஆக வேண்டுமென்றால் பர்மா நூடுல்ஸ் போடும் வியாசர்பாடி அத்தோக் கடையை நம்புங்கள். பலகையில் பெயரைப் பார்க்காமல் ஓரத்தைப் பாருங்கள். வெளிறிய பட்டை தெரிந்தால் அதை அறுத்துத் தள்ளிவிட்டு மீதிக்கு மட்டும் அளவு போடச் சொல்லுங்கள். கணக்கு எளிது: நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில், மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. என் அளவு டிரஸ்ஸருக்குக் கழிவையும் சேர்த்து 4 கன அடி தாராளம்.

ரப்பர் மரம் விலையில் ஜெயிக்கிறது, இழைக்கவும் சுகம். மாவுச்சத்து நிறைந்த மரம் என்பதால் போரான் மருந்து ஏற்றாத பலகை உளுத்துப் பொடி கொட்டும். மருந்து ஏற்றியதா என்ற கேள்விக்குக் கடைக்காரர் சிரித்தார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

பிளைவுட்டைக் கேலி செய்யும் கூட்டத்தில் நானும் இருந்தேன். இப்போது இல்லை. மழைக்கு மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, அகலவாக்கில்தான் உப்பும். பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்கே ஓடுவதால் எந்தப் பக்கமும் பெரிதாக நகராது. டிராயர் அடிப்பலகைக்கும் டிரஸ்ஸரின் முதுகுக்கும் அதைவிடத் தோதான சரக்கு கிடையாது. ஷீட்டில் ஐ.எஸ். 710 முத்திரை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பொது உபயோகத்துக்கான 303 போட்டதில் தொடர்ந்து படும் ஈரத்தைத் தாங்காத ரகமும் உண்டு. டிராயர் முகப்புக்கு மட்டும் பிளைவுட் வேண்டாம். ஓரத்தில் ஒட்டிய பட்டை பெயர்ந்தால் பல் விழுந்த வாய்தான்.

இனி டிராயர் ஓடும் பாதை. சண்டையே இங்கேதான். மரச்சட்டத்தின் மேல் ஓடுவதா, கடையில் வாங்கும், ஒன்றுக்குள் ஒன்று நீளும் உலோகப் பாதையான டெலஸ்கோப்பிக் சேனலா?

சேனலில் டிராயர் முழுசாக வெளியே வரும், மூலையில் கிடக்கும் ஹேர்பின் வரை கைக்கு எட்டும். மரச்சட்டத்தில் முக்கால்வாசி இழுத்ததும் நிறுத்த வேண்டும். மறந்தால் கால் கட்டைவிரல் ஞாபகப்படுத்தும். ஆனால் சேனல் ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் தின்னும். அத்துடன் காசிமேட்டுக் கடலின் உப்புக் காற்று. எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் போட்ட சேனல் மூன்றாம் வருடமே துருப் புள்ளி வைத்து, குண்டுகள் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. மரச்சட்டத்துக்கு வருடம் ஒருமுறை மெழுகுவத்தியால் ஒரு தேய்ப்பு போதும். சோப்பு தேய்க்காதீர்கள், ஈரம் இழுக்கும்.

சேனல் போட்டால் மழையில் டிராயர் சிக்காது என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதிதான் உண்மை. முகப்புப் பலகையில் ரேகை இடவலமாக ஓடுவதால் அது உயரத்தில்தான் வளரும். 8 அங்குல உயரத் தேக்கு முகப்பு கோடைக்கும் மழைக்கும் நடுவில் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை மாறலாம். சட்டத்துக்குள் அடங்கும் முகப்பாக இருந்தால் சேனல் போட்டும் மேல் சட்டத்தில் முட்டும். சட்டத்தின் மேல் வந்து படிகிற முகப்பு என்றால் அந்தத் தொல்லை இல்லை. பார்க்கத்தான் ஆபீஸ் மேஜை களை வந்துவிடும். நான் அடங்கும் முகப்பையே வைத்தேன். ஒன்று மட்டும் மாறியது: மேலே ஒரு தீக்குச்சி நுழைகிற சந்து.

இணைப்பில் பேச்சே வேண்டாம் என்றிருந்தேன், ஆனாலும் சொல்கிறேன். ஆணியும் ஃபெவிகாலும் போட்டால் அரை மணியில் ஒரு டிராயர். புறா வால் மாதிரி விரித்து அறுத்துப் பூட்டும் டவ்டெயிலுக்கு எனக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போகிறது. டிராயரை இழுக்கும்போதெல்லாம் முகப்பைப் பிய்க்கத்தான் பார்க்கிறோம். டவ்டெயில் அந்த இழுப்புக்கு விடாது. என் முதல் டவ்டெயிலின் சந்துகளில் மரப்பொடியும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்தேன். மேஸ்திரி அதை விரலால் தடவிப் பார்த்து, "இதுல மரம் எங்க சார்?" என்றார்.

பாலிஷில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்ப்பது என் கட்சி. கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி தேய்க்கலாம். மழை நாளில் தேய்த்தால் வெள்ளை பூத்துவிடும். ஈரத் துண்டைப் போடுகிற வீடு என்றால் பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சே நல்லது.

கடைசியில் அக்கா மகளுக்கு வைத்த கூட்டணி: உடம்பு புதுத் தேக்கு, முகப்பு பழைய தேக்கு, அடியும் முதுகும் பிளைவுட். கொளத்தூர் கடலை விட்டுத் தள்ளி இருப்பதால் சேனல். எங்கள் வீட்டுக்கு என்றால் மரச்சட்டம்தான் போட்டிருப்பேன்.

முதல் டிரஸ்ஸரின் டிராயர்களையும் இழைத்துச் சந்து விட்டாயிற்று. ஐப்பசி பிறந்ததும் ஒவ்வொன்றிலும் தீக்குச்சி விட்டுப் பார்க்கலாம் என்று ஒரு தீப்பெட்டியை மேல் டிராயரில் வைத்திருந்தேன். நேற்று அது அடுப்பங்கரையில் இருந்தது. கேட்டதற்கு மனைவி, "டிராயர் திறந்துச்சு, எடுத்தேன்" என்றாள்.